வெண்கலத்தின் வயதும் மண்ணின் சாட்சியமும்

2011ஆம் ஆண்டிலே கெமர் வெண்கலச் சிலைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று ஆங்கிலத்தில் வெளிவந்தது. சிலைகளின் காலம் யாது, பாணி யாது, வார்ப்பு முறை யாது என்று விரிவாக ஆராயும் அந்நூலை எழுதியோர் இருவர். ஒருவர் எம்மா பங்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளர். மற்றவர் டக்ளஸ் லற்ச்போட். பம்பாயிற் பிறந்து பாங்கொக்கில் வாழ்ந்த பிரித்தானியர். புராதனச் சிலை வணிகர். எட்டாண்டுகளின் பின், 2019 நவம்பரில், களவாடப்பட்ட கம்போடியச் சிலைகளுக்குப் பொய்யான கைமாற்ற வரலாற்றைப் புனைந்து விற்றுவந்தார் என அவர்மீது நியூயோர்க்கில் அமெரிக்க அரசாங்கம் குற்றஞ் சாட்டியது. வழக்கு விசாரணைக்கு வருமுன் 2020இல் அவர் மாண்டார். குற்றச்சாட்டும் அவரோடு முடிந்தது. விடயம் முடியவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களைக் கொண்ட அவருடைய சேகரிப்பைக் கம்போடியாவிடம் ஒப்படைக்க அவர் குடும்பத்தினர் 2021இல் உடன்பட்டனர். 2023இல், வியட்நாமிலிருந்து கடத்தப்பட்ட ஏழாம் நூற்றாண்டுத் துர்க்கை வெண்கலம் ஒன்றும் 12 மில்லியன் டொலரும் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து மீட்கப்பட்டன. அதே ஆண்டில் டென்வர் கலை நூதனசாலை, தனது கூடமொன்றுக்கு இட்டிருந்த பங்கர் என்னும் பெயரை அகற்றியது.

இறந்தோரை ஏசுதற்பொருட்டு இதனை நாம் எழுதவில்லை. அந்நூலிற் கூறப்பட்ட காலக் கணிப்புகளிற் பெரும்பாலானவை சரியாகவே இருக்கலாம். பதினோராம் நூற்றாண்டு எனக் குறிக்கப்பட்ட சிலை பதினோராம் நூற்றாண்டினதாகவே இருக்கலாம். எமது கவலை இங்கேதான் தொடங்குகிறது. சிலையொன்றின் காலத்தைச் சரியாகக் கணித்து, அதன் வேலைப்பாட்டைச் சரியாகவே புகழ்ந்து, தடித்த அட்டை நூலொன்றிற் படத்துடன் அச்சிட்டுவிட்டால், எந்தக் குழியிலிருந்து அது வந்தது என்னும் கேள்வி பண்பாடற்றவர் கேட்கும் கேள்வியாகிவிடுகிறது. நூலிலே இடம்பெற்ற சிலைக்குச் சந்தையிலே விலை ஏறுகிறது. விலை ஏறிய சிலையை அடுத்த நூல் மறுபடியும் புகழ்கிறது. அறிவும் வாணிபமும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் இந்த ஏற்பாட்டைக் கலை ரசனை என்று அழைக்க நாம் ஆயத்தமாயில்லை.

ஆயினும், எதிர்ப்பதை அறிந்து எதிர்த்தல் வேண்டும். கெமர் வெண்கலமொன்றின் வயதை விற்பன்னர் எவ்வாறு காண்கின்றனர்? முதலில் ஆடையைப் பார்க்கின்றனர். சம்பொத் எனப்படும் அரையாடையின் மேல்விளிம்பு முன்புறத்தே தொப்புளுக்குக் கீழே தாழ்ந்து பின்புறத்தே முதுகில் உயர்ந்து செல்லுமாயின், உடல் ஒல்லியதாய், தலைமயிர் நுண்ணிய பின்னல்களாய் முடியப்பட்டிருக்குமாயின், அது பாபுவன் பாணி, பதினோராம் நூற்றாண்டு. உடல் விறைத்து நேர்நோக்கி நிற்க, ஆடையின் மடிப்புகள் மீன்வால்போல் இரட்டித்துத் தொங்கினால், அங்கோர் வாட் பாணி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி. இமைகள் தாழ்ந்து இதழிற் குறுநகை அரும்பினால் பாயோன் பாணி. 1181இல் அரியணை ஏறிய ஏழாம் ஜெயவர்மனின் காலம். இந்தக் கண்பழக்கம் ஓரிரு நாளில் வருவதன்று. பல்லாயிரம் சிலைகளைப் பார்த்துப் பார்த்து ஊறிய அறிவு அது. அதனை எள்ளுவதற்கில்லை.

ஆனால் இந்த ஏணியின் படிகள் எங்கே செதுக்கப்பட்டன என்பதை விற்பன்னர் மறந்துவிடுகின்றனர். பிலிப் ஸ்டேர்ன், கோரல் ரெமுசா அம்மையார், 1955இல் கெமர்ச் சிற்ப வளர்ச்சியைப் பற்றி எழுதிய ஜோன் புவாசெலியே ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் பாணிகளை வரிசைப்படுத்தியது, பெரும்பாலும், தத்தம் இடத்திலே நின்ற கற்கோயில்களைக் கொண்டே. வாயில் உத்திரங்கள் அங்கே இருந்தன, தூண்கள் இருந்தன, கல்வெட்டுகள் இருந்தன. கையிலே தூக்கிச் செல்லத்தக்க வெண்கலங்களிலோ எழுத்து இருப்பது மிக அரிது. கல்லை ஒத்திருக்கிறது என்பதைக் கொண்டே வெண்கலத்துக்கு வயது கூறப்படுகிறது. அதாவது, இடம் பெயராத பொருளிடம் கடன் வாங்கிய அறிவைக் கொண்டே இடம் பெயர்த்த பொருளுக்கு விலை கூறுகின்றனர்.

கல்லிலேயே எவ்வளவு பெரிய பிழை நேர்ந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. அங்கோர் தோம் நகரின் நடுவே நூற்றுக்கணக்கான முகங்களோடு நிற்கும் பாயோன் கோயிலை ஒன்பதாம் நூற்றாண்டினது என்றே அறிஞர் நெடுநாள் நம்பியிருந்தனர். 1927இல் ஸ்டேர்ன், பாணியை ஆராய்ந்து, அது பதினோராம் நூற்றாண்டினது என்றார். அடுத்த ஆண்டே ஜோர்ஜ் செடே கல்வெட்டுகளைக் கொண்டு அது பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது என நாட்டினார். பெயராமல், மறையாமல், ஒரு மலைபோல் நிற்கும் கோயிலிலே மூன்று நூற்றாண்டுப் பிழை. அதைத் திருத்தியது கோயிலுக்கு அருகிலேயே கிடந்த எழுத்து. இருபது அங்குல வெண்கலமொன்று, எழுத்துமின்றி, ஊருமின்றி, இலண்டன் ஏலக்கூடமொன்றில் வெல்வெற்றுத் துணிமேல் நிற்கையில் அதன் பிழையைத் திருத்துவது யார்?

இனி, வேலைப்பாடு. கெமர் வார்ப்போர் கையாண்டது மெழுகு வார்ப்பு. எமது நாட்டுக் கன்னாரும் தமிழ்நாட்டு ஸ்தபதிகளும் அறிந்த முறைதான். மெழுகிலே உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூட்டில் மெழுகை ஒழுகவிட்டு, அவ்விடத்திலே உருக்கிய உலோகத்தை வார்ப்பது. ஒரு வேறுபாடு உண்டு. சோழர் காலத்துத் திருமேனிகள் உள்ளே வெறுமையின்றிக் கனமாய் வார்க்கப்பட்டவை. கெமர்ப் பெருஞ்சிலைகளோ உள்ளே களிமண் கருவொன்றை வைத்து, அதைச் சுற்றி மெல்லிய ஓடுபோல் உலோகம் படர வார்க்கப்பட்டவை. கரு அசையாமல் நிற்க ஆணிகள் வேண்டும். ஆணி நின்ற துளைகளைப் பின்னர் சிறு உலோகத் துண்டுகளால் அடைக்க வேண்டும். பெரிய சிலையாயின் துண்டு துண்டாய் வார்த்துப் பொருத்த வேண்டும். அதன்பின் உளிவேலை, மெருகு, பாதரசத்திற் கரைத்த பொன்னைப் பூசிச் சுடும் முலாம். புருவத்துக்கும் கண்ணுக்கும் மீசைக்கும் குழி விட்டு வேறு பொருள் பதித்தல். ஓட்டின் கனம் எங்கும் ஒரே அளவாய் இருக்கிறதா, அடைப்புகள் எவ்வளவு நேர்த்தியாய் மறைக்கப்பட்டுள்ளன, யாரும் பாராத முதுகுப்புறத்திலும் உளி கவனத்துடன் நடந்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பவன் வார்த்தவனோடு நேரே பேசுகிறான். இந்தப் பார்வையை நாம் மதிக்கிறோம். உழைப்பை உழைப்பாய்க் காணும் பார்வை அது.

போலியைப் பிரிக்கவும் இவ்வறிவே உதவுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிற் கிடந்த வெண்கலத்தின் களிம்பு, உலோகத்தை ஒட்டிச் சிவந்தும் அதன்மேற் பச்சை படர்ந்தும் இருக்கும்; உலோகத்தின் உட்புறம்வரை அரித்துச் சென்றிருக்கும். அமிலம் ஊற்றி வருவித்த களிம்போ மேலே பூசியதுபோல் நின்று, சுரண்டினால் உதிர்ந்துவிடும். செம்பும் வெள்ளீயமும் காரீயமும் என்ன அளவிற் கலந்துள்ளன என்பதை இன்று ஆய்வுகூடம் சொல்லிவிடும். நாகம் மிகுந்திருப்பின் ஐயுற இடமுண்டு. இவையெல்லாம் சிலை பழையதா புதியதா என்று கூறும். எப்போது வார்க்கப்பட்டது என்று கூறுமா?

உலோகத்துக்குத் தன் வயதைச் சொல்லும் வாய் கிடையாது. கரிமக் கணிப்பு அதற்குப் பொருந்தாது. வயதைச் சொல்லக்கூடியது உள்ளே கிடக்கும் களிமண் கருவே. கருவிற் கலந்த கரித்துண்டோ உமியோ எஞ்சியிருந்தால் அதனைக் கொண்டு கணிக்கலாம். அல்லது வெப்ப ஒளிர்வு முறை உண்டு. கரு கடைசியாகச் சுடப்பட்ட நாள் தொட்டுச் சூழவுள்ள கதிரியக்கத்தை அது சிறிது சிறிதாய்த் தன்னுட் சேர்த்து வைத்திருக்கிறது. மீண்டும் சூடாக்கினால் அச்சேமிப்பு ஒளியாய் வெளிப்படும். அவ்வொளியை அளந்து காலத்தைக் கணக்கிடுவர். அழகான முறை. ஆனால் இக்கணக்குக்கு இன்றியமையாத எண் ஒன்று உண்டு: சிலை புதைந்து கிடந்த மண் ஆண்டுதோறும் எவ்வளவு கதிரியக்கம் செலுத்தியது என்பது. அதை அறிய அந்த மண் வேண்டும். எந்த மண் என்று தெரியாதபோது ஆய்வுகூடம் சராசரியொன்றைக் கற்பித்துக்கொண்டு கணக்கிடுகிறது. விடையும் ஒரு நூற்றாண்டு, இரு நூற்றாண்டு என முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. பாபுவனுக்கும் பாயோனுக்கும் இடைப்பட்ட தூரமே அவ்வளவுதான்!

கள்வன் இரவிலே மண்வெட்டியால் எடுத்தெறிந்தது வெறும் புழுதியன்று. அச்சிலையின் பிறப்புச் சான்றிதழ். வணிகர் அதன் ஊரை மறைத்தது சட்டத்துக்கு அஞ்சி. அம்மறைப்பினாலேயே அவர் கூறும் "பதினோராம் நூற்றாண்டு" என்பதற்குரிய ஆதாரமும் அழிந்தது. களவு வேறு, கலை ஆராய்ச்சி வேறு என்று பிரித்துப் பேசுவோர் இதற்கு விடை கூறட்டும். திருட்டை மன்னித்துவிட்டு அறிவை மட்டும் காப்பாற்றிக்கொள்ள இங்கே வழியில்லை. இரண்டும் ஒரே குழியிற் புதைந்தன.

இஃது ஏட்டு வாதமன்று என்பதற்குத் தாய்லாந்தின் புரிராம் மாகாணம் சான்று. 1964இல் அங்குள்ள பிளாய் பாட் மலைக் கோயிலொன்றிலிருந்து பெருந்தொகையான வெண்கலங்கள் வெளிப்பட்டன. மெலிந்த உடலும் உயர்ந்த சடைமுடியும் கொண்ட போதிசத்துவர் சிலைகள்; அங்கோர் நகர் எழுமுன்னரே வார்க்கப்பட்டவை என்பர். நியூயோர்க், டெக்சாஸ், கலிபோர்ணியா எனப் பல இடத்து நூதனசாலைகளுக்கு அவை சிதறிச் சென்றன. சந்தை அவற்றுக்கு இட்ட பெயர் "பிராகோன் சாய்". அஃது அண்டை வட்டாரத்தின் பெயர். தவறான ஊர்ப் பெயரொன்றே ஒரு கலைப்பாணியின் பெயராய் நூல்களில் நிலைத்துவிட்டது. எத்தனை சிலைகள் ஒருங்கே கிடந்தன, எது எதன் அருகே நின்றது, பெரியவை நடுவிலும் சிறியவை சுற்றிலும் இருந்தனவா, அன்றி அவசரத்திற் புதைக்கப்பட்டனவா? இவ்வினாக்களுக்கு எந்த விற்பன்னரின் கண்ணும் விடை கூறாது. விடையின்மையாலேயே காலமும் ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடையே அலைகிறது.

அதே மாகாணத்தின் மற்றொரு சிற்றூரிற் கிடைத்த பொன்முலாமிட்ட சிலையொன்று, 129 சதமமீற்றர் உயரம், 1988இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையைச் சென்றடைந்தது. நிற்கும் சிவன் என்று பெயர் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டனர். அரசனொருவனின் உருவம் அது என்பாரும் உளர். முப்பத்தைந்து ஆண்டுகள் உலகின் தலைசிறந்த நிபுணர்கள் அதன் முன்னே நின்று ஆடையையும் முடியையும் ஆராய்ந்தும் தெய்வமா மனிதனா என்பது தீரவில்லை. ஊரின் பெயரைச் சொன்னவர்கள் அச்சிலை கண்டெடுக்கப்பட்ட கிராமத்தின் முதியவர்கள். 2023 டிசம்பரில், கம்போடியாவுக்குப் பதினான்கும் தாய்லாந்துக்கு இரண்டுமாகச் சிலைகளைத் திருப்பி அளிப்பதாக அந்நூதனசாலை அறிவித்தது. 2024 மே மாதத்தில் அப்பொற்சிலை பாங்கொக் வந்து சேர்ந்தது.

அவுஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்தில் நிகழ்ந்ததை இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். 2011இல், மேற்படி நூல் வெளிவந்த அதே ஆண்டில், 15 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து லற்ச்போட்டிடமிருந்து மூன்று வெண்கலங்களை அது வாங்கிற்று. பாணியால் அவை கெமருடையன அல்ல. அயல்நாடான சம்பாவின் கலை. ஆனால் 1994இல் அவை தோண்டியெடுக்கப்பட்டது கம்போடியாவின் த்பௌங் க்முமிலுள்ள வயலொன்றில். சம்பாவின் தெய்வங்கள் கெமர் மண்ணிலே புதைந்தது எவ்வாறு? போரிற் கொள்ளையாய் வந்தனவா, குடியேறியவரோடு வந்தனவா, பட்டறையாளனே இடம் பெயர்ந்து வந்து வார்த்தானா? ஒரு வரலாற்று அத்தியாயமே அவ்வயலிற் கிடந்தது. 2023இல் அவற்றைத் திருப்பி அளிக்கக் கலைக்கூடம் முன்வந்தது. சிலைகள் திரும்பலாம், தோண்டி நிரப்பிய குழியிலே மண்ணடுக்குகள் திரும்பா.

இனி, எதிர்வாதங்கள். "அந்நாட்டிலே விட்டிருந்தால் அவை அழிந்திருக்கும், மேற்குலகம் காப்பாற்றியது" என்பது முதலாவது. இதைக் கூறுவோர், 1969 முதல் 1973 வரை அந்நாட்டின்மீது குண்டுமாரி பொழிந்த விமானங்கள் எந்நாட்டினவென்று கூறுவதில்லை. போர் கொள்ளைக்கு இருளை அளித்தது. கொள்ளைக்குக் காரணத்தை அளித்தது சந்தை. போர் முடிவுற்ற 1998ஆம் ஆண்டிலேதான் பந்தே ச்மார் கோயிலின் புடைப்புச் சிற்பச் சுவர் இராணுவத்தினரால் கல் கல்லாய்ப் பெயர்க்கப்பட்டது. 117 துண்டுகளை ஏற்றிய பார வண்டியொன்று 1999இல் தாய்லாந்தில் மறிக்கப்பட்டது. வாங்குவோர் இல்லாத பொருளை யாரும் வண்டியில் ஏற்றுவதில்லை.

காப்பாற்றிய கதைக்கு மறுப்பாக வெண்கலமே ஒன்று இருக்கிறது. 1936இல் மேற்கு மெபோன் கோயிலிலே, ஊரவர் ஒருவர் கனவு கண்டு கூறியதன்மேல் தோண்டியபோது, பள்ளிகொண்ட விஷ்ணுவின் தலையும் தோளும் கைகளும் வெளிப்பட்டன. முழுமையாய் இருந்தபோது ஐந்து மீற்றருக்கு மேல் நீண்டிருக்க வேண்டிய உருவம். தன் கோயிலிலேயே கிடைத்தமையாற் பதினோராம் நூற்றாண்டின் பிற்பாதி என்று அதன் காலத்தைத் துணிந்து கூற முடிகிறது. 1296இல் அங்கோருக்கு வந்த சீனத் தூதுக்குழுவினரான சூ தாகுவான், கொப்பூழிலிருந்து நீர் ஒழுகும் வெண்கலச் சயன உருவமொன்றைக் குறிப்பிடுகிறார். அவர் அதைப் புத்தர் என்றும், கீழைக் குளத்திலே உள்ளது என்றும் எழுதிவைத்தார்! கண்ணாற் கண்டவரின் மதிப்பீட்டையே மண் திருத்தவேண்டியிருந்தது. அந்த விஷ்ணு அந்நாட்டை விட்டு விற்கப்படவில்லை. போரையும், பொல் பொட் ஆட்சியையும், பட்டினியையும் கடந்து நொம்பென் நூதனசாலையிலே பிழைத்திருந்தது. 2024இல் அது பிரான்சுக்குச் சென்று, ஆய்வுக்கும் செப்பனிடலுக்கும் உட்பட்டு, 2025இல் பாரிஸ் கிமே நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. கம்போடிய அரசின் இசைவோடு, நாள் குறித்து, திரும்பும் நிபந்தனையோடு சென்றது. உலகம் பார்க்க வேண்டுமாயின் இவ்வாறும் பார்க்கலாம் என்பதை ரசிகப் பெருமக்கள் கவனிப்பாராக.

"கொள்ளை புதிதல்லவே, அக்கால மன்னரும் செய்தனர்" என்பது இரண்டாவது. உண்மை. 1431இல் அயோத்தியாவின் சியாமியர் அங்கோரிலிருந்து வெண்கலங்களைக் கவர்ந்தனர். 1569இல் பர்மியர் அவற்றை அயோத்தியாவிலிருந்து கவர்ந்தனர். இன்று மாண்டலே மகாமுனி ஆலயத்தில் எஞ்சி நிற்பவை ஆறு. நோயுற்றவர் தமக்கு வலிக்கும் இடத்தையே சிலையிலும் தடவி வேண்டுவதால் வீரர் உருவங்களின் வயிறு தேய்ந்து பளபளக்கிறது. மன்னரின் கொள்ளையை நாம் போற்றவில்லை. ஆனால் அதன் வழி இன்றும் தெரிகிறது. எவர், எப்போது, எங்கிருந்து என்று சொல்ல முடிகிறது. கொள்ளைக்குப் போலிப் பத்திரம் எழுதி அதன் ஊரை அழிப்பது நவீன முதலாளித்துவத்தின் தனிக் கண்டுபிடிப்பு.

அதற்கு வழிகாட்டியது குடியேற்ற ஆட்சியே. 1923 டிசம்பரில் ஆந்திரே மல்ரோ என்னும் பிரெஞ்சு இளைஞர் பந்தே ஸ்ரேய் கோயிலின் சிற்பங்களை வெட்டியெடுத்துச் சென்று நொம்பென்னிலே பிடிபட்டார். மூன்றாண்டுச் சிறைத் தண்டனை மேன்முறையீட்டில் ஓராண்டாய்க் குறைந்து, அதுவும் ஒத்திவைக்கப்பட்டது. 1959 முதல் 1969 வரை அவரே பிரான்சின் பண்பாட்டு அமைச்சர்! அவரை வழக்கிலே நிறுத்திய அதே ஆட்சி, அதே இருபதுகளில், அங்கோரின் சிற்பங்களுள் "முக்கியமற்றவை" என்று தான் தீர்மானித்தவற்றைப் பயணிகளுக்கும் அயல்நாட்டு நூதனசாலைகளுக்கும் சட்டப்படி விற்கத் தொடங்கிற்று. எது முக்கியம், எது முக்கியமன்று என்பதைத் தீர்மானித்தவர் அதே காலக் கணிப்பு விற்பன்னர்கள். அக்காலத்தே பாயோனின் வயதையே அவர்கள் அறியார் என்பதை வாசகர் மறக்கலாகாது.

மூன்றாவது எதிர்வாதம் எமது அணியிலிருந்தே எழுவது. அதனால் அதற்குச் சிறிது நின்று விடையிறுத்தல் வேண்டும். "நிலப்பிரபுத்துவக் கோயிற் பொம்மைகள் இவை, மன்னனின் புகழுக்காய் அடிமைகள் வார்த்தவை, நியூயோர்க்கிலிருந்தால் என்ன, நொம்பென்னிலிருந்தால் என்ன?" என்று கேட்கும் தோழர்கள் உளர். அடிமைத்தனம் பொய்யன்று. மலைவாழ் மக்களைப் பிடித்து விற்கும் வழக்கத்தைச் சூ தாகுவானே எழுதியுள்ளார். 1186ஆம் ஆண்டுத் தா ப்ரோம் கல்வெட்டு, அவ்வொரு கோயிலின் தேவைகளுக்காக 3,140 கிராமங்களும் 79,365 மக்களும் ஒதுக்கப்பட்டதைக் கணக்காய் எழுதிவைத்திருக்கிறது. இவ்வளவு பேரின் நெல்லும் வியர்வையுமே உருகி வெண்கலமாயிற்று. ஆகவேதான் அது யாருடையது என்னும் கேள்வி எம்முடைய கேள்வியாகிறது. கட்டளையிட்ட மன்னனின் பெயரைக் கல்வெட்டு வைத்திருக்கிறது; வாங்கிய கோடீசுவரரின் பெயரை நூதனசாலைச் சுவர் வைத்திருக்கிறது. வார்த்தவனின் பெயரை எதுவும் வைத்திருக்கவில்லை. அவனை நாம் அணுகக்கூடிய ஒரே வழி அவன் வேலை செய்த இடம். 2012இல் அங்கோர் தோம் அரண்மனையின் அருகே பதினோராம் நூற்றாண்டைச் சார்ந்த வெண்கல வார்ப்புப் பட்டறையின் எச்சங்கள் அகழ்வில் வெளிப்பட்டன. விற்பன்னர் விலைபேச அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் கெமர்த் தொழிலாளன் நின்ற தரை அது. அரசனின் வாயிலை ஒட்டியே அவன் உலை எரிந்தது என்பதிலிருந்து, செம்பும் வெள்ளீயமும் அரண்மனையின் கண்காணிப்பிலேயே இருந்தன என நாம் ஊகிக்கலாம். ஏலப் பட்டியல்கள் ஆயிரம் படித்தாலும் இச்செய்தி கிட்டாது.

எமது மக்களிடையே வேறொரு நோயும் உண்டு. கெமர்க் கலை என்றதும் "அஃது எம்முடைய கலைதானே, எம்மவர் சென்று கற்பித்தது" என்று மார்தட்டுவோரைக் காண்கிறோம். 1926இல் கல்கத்தாவிலே "பேரிந்திய"க் கழகமொன்று அமைந்தது, ஆர். சி. மஜும்தார் 1944இல் எழுதிய நூல் கம்போடியாவைப் பழைய இந்துக் குடியேற்றம் என்று தலைப்பிலேயே அழைத்தது. சிவனும் விஷ்ணுவும் இங்கிருந்து சென்றனர். சம்பொத்தின் மடிப்பும் பாயோனின் புன்னகையும் அங்கே பிறந்தன. பிறர் உழைப்பைத் தம் முன்னோர் கணக்கிலே எழுதிக்கொள்வது ஒருவகைக் கைமாற்றப் போலிப் பத்திரமே. இரண்டு கண்டங்களுக்கு அப்பால் நடக்கும் திருட்டைக் கண்டிக்கும் நாம், இந்த வீட்டுத் திருட்டையும் கண்டித்தாக வேண்டும்.

எமக்கும் இதில் நோவு உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையிலே, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கிடைத்ததெனப்படும் பொன்முலாமிட்ட தாரை வெண்கலம், 143 சதமமீற்றர் உயரம், இன்றும் பிரித்தானிய நூதனசாலையில் நிற்கிறது. தேசாதிபதி பிறவுண்றிக் அதனை 1830இல் அங்கே அன்பளிப்புச் செய்தார்; யாருடைய பொருளை யார் அன்பளித்தார் என்பது வேறு கதை. எட்டாம் நூற்றாண்டு, பொன்முலாம், உயரம் எல்லாம் விவரச் சீட்டிலே உண்டு. எந்த விகாரையில், எந்தப் பீடத்தில், எந்த ஊராரின் முன்னே அவள் நின்றாள் என்பது இல்லை. கலைவரலாறு கற்பிக்கும் எமது ஆசிரியர்கள், பாடநூற் படத்தின் கீழுள்ள "வெண்கலம், இன்ன நூற்றாண்டு" என்னும் வரியை மாணவருக்கு வாசிக்கையில், அவ்வரியில் எது விடுபட்டிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

கம்போடியாவிலே அக்கேள்விக்கு விடை கூறியவன் ஒரு கள்வன். பொல் பொட் படையிற் சிறுவயதிலேயே சேர்க்கப்பட்டு, பின்னர் பல ஆண்டுகள் கோயில்களைத் தோண்டி விற்ற அம்மனிதன், "சிங்கம்" என்னும் புனைபெயரால் மட்டும் உலகுக்கு நெடுநாள் அறியப்பட்டிருந்தான். முதுமையில் அரசாங்கத்தின் ஆய்வாளரை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்து, இச்சிலை இக்குழி என ஒவ்வொன்றாய்க் காட்டினான்; 2021இல் மாண்டான். கோ கெரிலுள்ள ப்ராசாத் க்ரசாப் கோயிலிலிருந்து 1997இல் எடுக்கப்பட்ட மயிலேறிய ஸ்கந்தன் சிலையொன்று உண்டு. அது கற்சிலை, பத்தாம் நூற்றாண்டு. 2000இல் அதை லற்ச்போட் 15 இலட்சம் டொலருக்கு விற்றார். 2021இல் அமெரிக்க நீதிமன்றத்தின் வழி அது மீட்கப்பட்டது. பாணியை ஆராய்ந்து அதன் நூற்றாண்டைச் சொன்னவர் பலர். எந்தக் கோயிலின் எந்த மூலையில் அது கிடந்தது என்பதைச் சொல்ல, அதைத் தூக்கிய தோள்கள் வேண்டியிருந்தன. அத்தோள்களுக்குரியோர் ஒவ்வொருவராய் முதுமையடைந்து இறந்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் சொல்லாமற் போன குழிகளிலிருந்து வந்த வெண்கலங்கள், விவரச் சீட்டிலே நூற்றாண்டு மட்டும் எழுதப்பட்டு, மேனாட்டுக் கண்ணாடிப் பேழைகளுள் இன்னும் நிற்கின்றன.